அம்சம் கேட்ட கைப்பிடி

மூன்று ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பொம்பளைக்குக் கக்கூஸ் எங்கே, எப்படி, எவ்வளவில் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொம்பளையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் முக்கால்வாசித் திட்டம் இப்படித்தான் போடப்படுகிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, வயிறுதான் எரியும்.

கேட்டிருந்தால் அம்சம் சொல்லியிருப்பாள். விவரம் தெரிவதற்கு முன்னே சேற்றில் இறங்கியவள் அவள். குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் பூராவும் குனிந்து நாற்று நட்டதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க எதையாவது பிடித்தாக வேண்டும். வீட்டுக் கக்கூஸோ கொல்லைக் கடைசியில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. எருக்குழியைத் தாண்டிப் போக வேண்டும். ஆஸ்பெட்டாஸ் கூரை, குந்தி உட்காருகிற பீங்கான், ஏறுவதற்கு உயரமான படி. எழுந்திருக்கும்போது அவள் பிடித்துக்கொள்வது தண்ணீர்க் குழாயைத்தான். போன ஐப்பசி அடைமழையில் அந்தக் குழாய் கையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்க, ஈரத்தரையில் கிடந்து அவள் கூப்பிட்டாள். அவள் புருஷன் கண்ணுசாமிக்குக் கேட்கவில்லை. அரசாங்கம் கொடுத்த இலவச டிவியில் அவர் சத்தமாகச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி முடிந்து, சாப்பாடு எங்கே என்று தேடும்போதுதான் மனைவி எங்கே என்ற யோசனை அவருக்கு வந்தது.

அதற்கப்புறம்தான் அம்சம் இரண்டு பசுவையும் கன்றையும் விற்றாள். சீட்டுப் பணத்தையும் எடுத்துச் சேர்த்தாள். எழுபதாயிரம் தேறியது. மகன் துரைராசுவிடம் கொடுத்து, "வீட்டுக்குள்ளயே கட்டிடுப்பா. நாற்காலி மாதிரி உட்காருற கக்கூஸ். பிடிச்சுக்க ஒரு கைப்பிடி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அவளாக வாய் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

துரைராசு தஞ்சாவூரில் ஒரு காலேஜில் கிளார்க். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் தஞ்சாவூர்க்காரர்கள். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவைக் கூத்தாநல்லூருக்கு பஸ்ஸில் அழைத்துப் போனான். பக்கீர் முகம்மது கடையில் டைல்ஸும் பீங்கானும் வரிசையாக வைத்திருந்தார்கள். மகன் டைல்ஸ் பக்கம் போய்விட, அம்சம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காட்சிக்கு வைத்திருந்த ஒரு வெள்ளை பீங்கான் மேல் மூடியைப் போட்டு உட்கார்ந்தே விட்டாள். பக்கத்துச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி ஒன்று பொருத்தியிருந்தது. அதைப் பிடித்து எழுந்தாள். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நம்பிக்கை வராமல் திரும்ப உட்கார்ந்து, திரும்ப எழுந்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று துரைராசு ஓடிவந்தான்.

"உட்காரட்டும் தம்பி, அதுக்குத்தானே வெச்சிருக்கு" என்றார் பக்கீர் முகம்மது. "எங்க அம்மா மெஹராஜ் பேகத்துக்கு இதே மாதிரிதான் போட்டுக் கொடுத்திருக்கேன். முன்னெல்லாம் பொழுது சாஞ்சா அவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க. இப்ப பேரப்புள்ளைங்ககிட்ட சண்டை போட்டு டீ வாங்கிக் குடிக்கிறாங்க."

அம்சம் அந்த மனுஷரை நிமிர்ந்து பார்த்தாள். பொழுது சாய்ந்தால் தண்ணீரைத் தொடாத பழக்கம் அவளுக்கும் உண்டு. அவளுக்கு மட்டுமில்லை, அவளோடு நட்ட, களை பறித்த, அறுத்த எல்லாப் பொம்பளைகளுக்கும் உண்டு. வயலுக்குப் போனால் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் வெயில் மண்டையைப் பிளந்தாலும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யப் பழகியவர்கள். அது இன்னொரு வீட்டிலும் நடக்கிறது, அதை ஒரு மகன் கவனித்திருக்கிறான் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

இனி கூடத்துக்கு வருவோம்.

மேஸ்திரி அரசப்பன் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, காலண்டர் அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அதே தெருக்காரன். அவன் அம்மா செவ்வந்தி அம்சத்தோடு ஒரே வரிசையில் நின்று நாற்று நட்டவள், போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அந்த உறவில் அம்சம் அவனுக்கு அத்தை, கண்ணுசாமி மாமா.

"அத்தை கேட்ட மாதிரின்னா பின்னறை மூலையை மறிச்சுக் கட்டணும் மாமா. தரையைத் தோண்டி குழாய் பதிக்கணும். நம்ம ஊர்ல வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா குழியில கீழேருந்து ஊறிக்கும், அதனால டேங்கை மேலே தூக்கித்தான் கட்டணும். மணல்தான் யானை விலை விக்குது. செங்கல், சிமெண்டு, வழுக்காத தரை டைல்ஸ், கதவு, பீங்கான், கைப்பிடி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து அறுபத்தஞ்சு வரும். இடிக்கும்போது என்ன கிளம்பும்னு சொல்ல முடியாது. அஞ்சு கையில வெச்சுக்குங்க."

அடுப்படியில் அம்சம் விரல் மடக்கிப் பார்த்தாள். சரியாக எழுபது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை அள்ளிப் போட்டாள்.

அந்தச் சர்க்கரையைத் திரும்ப எடுக்க முடிந்திருந்தால் எடுத்திருப்பாள். ஏனென்றால் அடுத்து துரைராசு பேசினான். "சுவத்துக்குக் கூரை வரைக்கும் டைல்ஸ் ஒட்டிடுங்கண்ணே. கண்ணாடி வெச்ச வாஷ்பேசின் ஒண்ணு. ஹீட்டர் ஒண்ணு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து போற வீடு. அப்படியே வாசல்ல ஒரு ஆர்ச்சும்."

கீழத்தஞ்சை வெயிலில் ஹீட்டர்! தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீரே மத்தியானம் கை சுடுகிற ஊரில்! கக்கூஸுக்கும் வாசல் ஆர்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அரசப்பன் எழுதினான். கணக்கு லட்சத்தைத் தாண்டியது. இப்போது குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது?

கண்ணுசாமி தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் தீர்மானம் வருகிறது என்று அர்த்தம். "எனக்கு முதல்லேருந்தே இது பிடிக்கல. சோறு திங்கிற வீட்டுக்குள்ள எவனாவது கக்கூஸ் கட்டுவானா? இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். பழைய குழியை வெச்சுக்கிட்டு மேலே மட்டும் புதுசாக் கட்டு. தோண்டுறது, இடிக்கிறது எல்லாம் மிச்சம்."

"பீங்கானும் பழைய மாடலே போதும்" என்றான் துரைராசு. "கைப்பிடியை எடுத்துடுங்க. பார்த்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

கைப்பிடி எண்ணூறு ரூபாய். ஹீட்டர் ஆறாயிரம். எண்ணூறை அடித்தார்கள், ஆறாயிரத்தை வைத்துக்கொண்டார்கள். யாருடைய பசு, யாருடைய முட்டி, யாருடைய காசு என்று ஒருவருக்கும் நினைப்பில்லை. அரசப்பன் மட்டும் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு அவனும் குனிந்து அடித்தான். கூலி கொடுப்பவர்கள் சொல்வதைத்தானே அவன் செய்ய முடியும்.

அம்சம் டீயோடு வெளியே வந்தாள். "நான் கேட்டது வேற" என்றாள்.

"உனக்குக் கணக்கு தெரியாது, நீ சும்மா இரு" என்றார் கண்ணுசாமி. டீயைக் குடித்துவிட்டு, "என்ன இவ்வளவு இனிப்பு?" என்றும் கேட்டார்.

கண்ணுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷர் இல்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இளவட்டமாகச் சேர்ந்தவர். அடிபட்டவர், ஜெயிலுக்குப் போனவர். அந்தத் தெருவுக்குக் குடிமனைப் பட்டா வந்ததில் அவர் பங்கு பெரிது. அதற்கு முன்னால் அந்த மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். ஆட்சி மாறி, சட்டம் வந்து, பட்டா கைக்கு வந்த நாளில் தெருவே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. இதையெல்லாம் மறந்துவிட்டு அவரைப் பேசினால் பாவம். ஆனால் இதையெல்லாம் செய்த மனுஷர்தான் இதையும் செய்கிறார் என்பதுதான் ஆத்திரம்.

மே தின மேடையில் அவர் தவறாமல் சொல்கிற கதை ஒன்று உண்டு. அறுப்புக் கூலி கேட்டுத் தகராறு நடந்த வருஷம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தார். ஆண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது போலீஸ். அப்போது பெண்கள் வயலில் இறங்கிச் செங்கொடியை நட்டார்கள். கொடி நட்ட வயலில் யாரும் இறங்கக் கூடாது. பேச்சுவார்த்தை முடிந்து, நட்டவர்களே பிடுங்கினால்தான் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டை வெளியூர் ஆட்களும் மீற மாட்டார்கள். வந்தவர்கள் அரிவாளை மடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். "எங்க பொம்பளைங்க, சுத்தி போலீஸ் நிக்குது, காலையிலேருந்து பொழுது சாயிற வரைக்கும் ஒரு அடி நகரலை! கொடியைச் சுத்தி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கிட்டே இருந்தாங்க!" என்று அவர் முடிக்கும்போது கைதட்டு பிய்த்துக்கொண்டு போகும். அந்தக் கொடியை அவர் பீரோவில் மடித்து வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை தன் கையாலேயே துவைத்து, இஸ்திரி போடுவார்.

பேச்சு முடிந்த மறுவாரம் மணல் வந்து இறங்கியது. கொல்லையில், பழைய கக்கூஸைச் சுற்றி அரசப்பன் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனான். காலையில் இடிப்பதாகப் பேச்சு. அம்சம் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் எத்தனை மழைக்காலம் இருக்கிறதோ, அத்தனைக்கும் இந்தச் சேற்றில்தான் நடக்க வேண்டும். குளிர்ந்த தரையில்தான் விழ வேண்டும். டைல்ஸ் மட்டும் பூப்போட்டதாக இருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கோபம் வந்ததும் முட்டி வலி கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

மறுநாள் காலையில் அரசப்பன் ஆட்களோடு, கடப்பாரையும் சட்டியுமாக வந்து சேர்ந்தான். கொல்லைக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றான். மணல் குவியலின் உச்சியில் மூங்கில் கழியில் கட்டிய செங்கொடி நின்றது. சலவை மடிப்புகூடக் கலையவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்சம் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அத்தை இது?"

"பாத்தாத் தெரியல? கொடி."

அரசப்பன் கடப்பாரையைக் கீழே வைத்தான். அவன் ஆட்களும் வைத்தார்கள். எல்லாரும் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். கொடியைத் தாண்டி வேலைக்கு இறங்கினான் என்ற பேர் அவர்களில் ஒருவனுக்கும் வேண்டாம். வேலிக்கு வெளியே ஆள் சேர ஆரம்பித்தது.

துரைராசு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். "அம்மா, மானம் போவுது! உள்ள வாங்க!"

"எதுக்கு உள்ள வரணும்? எனக்கு இடம் கொல்லையிலதானே போட்டிருக்கீங்க. நான் கொல்லையிலயே இருந்துக்கிறேன்."

டீக்கடையிலிருந்து கண்ணுசாமி வந்தார். யாரோ வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும், முகம் சிவந்திருந்தது. "அம்சம்! அது என்ன விளையாட்டுச் சாமானா? அந்தக் கொடிக்கு ஒரு மரியாதை இருக்கு!"

"மரியாதை இருக்குன்னுதான் அதை நட்டேன். எனக்கு மரியாதை இருந்தா நான் சொன்னப்பவே கேட்டிருப்பியே."

அவர் மணல் மேட்டில் ஏறி, கழியின் மேல் கையை வைத்தார். வேலிக்கு வெளியே அத்தனை கண்ணும் அந்தக் கையைத்தான் பார்த்தது. நட்டவர்தான் பிடுங்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன கை அது. பிறகு கையை எடுத்துவிட்டார்.

"நீங்க தள்ளுங்கப்பா, நான் பிடுங்குறேன்" என்று துரைராசு ஏறினான்.

"தொடாதே!" என்று கண்ணுசாமி போட்ட சத்தத்தில் அவன் சறுக்கிக் கீழே வந்தான்.

கண்ணுசாமி மணலிலேயே உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "சரி. பேச்சுவார்த்தை. என்ன உன் கோரிக்கை?"

"என் கோரிக்கையை நீங்க மூணு பேரும் சேர்ந்து அடிச்சீங்க. அதுதான்."

"ஒரு கக்கூஸுக்காகவா கொடியைத் தூக்குவாங்க? நாம எதுக்கெல்லாம் கொடி நட்டோம்! கூலிக்கு, நிலத்துக்கு, மனைக்கு... அன்னைக்கு அந்த வயல்ல ஒரு அடி நகராம உட்கார்ந்தவ நீ..."

"ஏன் நகரலைன்னு தெரியுமாய்யா உனக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கேய்யா நகர்றது?" அம்சத்தின் குரல் வேலியைத் தாண்டிப் போனது. "விடியுமுன்ன வாய்க்கா மேட்டுக்குப் போயிட்டு வந்ததோட சரி. வயலைச் சுத்தி போலீசு. வரப்புக்கு வரப்பு மிராசுதார் ஆளுங்க. எந்திரிச்சு ஒதுங்கப் போனா கொடி போயிடும், போற இடமும் கிடையாது. அடிவயிறு கல்லு மாதிரி ஆயிட்டுது. இந்தா நிக்கிறானே அரசப்பன், இவன் அப்ப செவ்வந்தி வயித்துல ஏழு மாசம். புள்ளத்தாச்சி எவ்வளவு நேரம்யா அடக்குவா? உட்கார்ந்த இடத்துலயே சேலையோட போயிட்டா. வெக்கத்துல ஓன்னு அழுதா. நாங்க எல்லாரும் நெருங்கி உட்கார்ந்து அவளை மறைச்சோம். அவ அழுகிறது போலீசுக்குக் கேட்கக் கூடாதுன்னு சத்தமாப் பாட்டுப் பாடினோம். அந்தப் பாட்டைத்தான்யா நீ வருஷா வருஷம் மேடையில சொல்லிக் கைதட்டு வாங்குற!"

வேலிக்கு வெளியே நின்ற வயசான பெண்கள் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர்களும் அன்றைக்கு அந்த வயலில் இருந்தவர்கள்தான்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று கண்ணுசாமி கேட்டபோது அது அதட்டலாக இல்லை.

"நீங்க எழுதின கோரிக்கையில கூலி இருந்துச்சு, நெல்லு இருந்துச்சு, மனை இருந்துச்சு. ஒதுங்க ஒரு மறைப்பு வேணும்னு எவனாவது எழுதினானா? நாங்களும் வாய் விட்டுச் சொல்லல, வெக்கம். அன்னைக்கு மிராசுதாருக்கு நாங்க மனுஷி இல்ல, சரி. இன்னைக்கு என் மாட்டை வித்து நானே காசு கொடுத்தும் கைப்பிடி ஒண்ணு வாங்க எனக்கு வக்கில்லையாய்யா?"

அரசப்பன் முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தான். "மாமா, எனக்கு இனிமே இந்த வீட்ல உள்ளேதான் கட்ட வரும். கொல்லையில கட்டணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

கண்ணுசாமி மணலில் கையை அளைந்துகொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்து, "ஹீட்டரை எடு. ஆர்ச்சை எடு. பூப்போட்ட டைல்ஸை எடு" என்றார். துரைராசு வாய் திறக்கப் போனவன், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். "அரசப்பா, பின்னறையில அத்தை காட்டுற இடத்துல கோடு போடு. கைப்பிடி ரெண்டு பக்கமும் வெச்சிடு."

"அப்ப கொடியை எடுத்துடலாமா அத்தை?" என்று அரசப்பன் கேட்டான்.

"வேலையை ஆரம்பி. நீ மணல் அள்ளிக்க, நான் ஒண்ணும் சொல்லல. கொடி நிக்கட்டும். பேச்சுவார்த்தையில ஒத்துக்கிட்டு நெல்லுப் பத்தாயத்தைத் திறக்காத மிராசுதாரையெல்லாம் பாத்தவ நான்."

வேலை நடந்தது. இடிக்கும்போது, சொன்ன மாதிரியே, பழைய சுவர் ஒன்று கூடவே சரிந்து, கையில் வைத்திருந்த ஐயாயிரத்தையும் விழுங்கியது. மணல் குவியல் குறையக் குறையக் கொடி தாழ்ந்துகொண்டே வந்தது. அரசப்பன் தினமும் அதன் அடியைச் சுற்றி ஒரு சட்டி மணலை விட்டுவைத்துவிட்டு மற்றதை அள்ளினான். கண்ணுசாமி கொல்லைப் பக்கம் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கதவு மாட்டி, தண்ணீர் திறந்து பார்த்த அன்று சாயங்காலம், விளக்கேற்றிய கையோடு அம்சம் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டாள். கூடத்தில் நடுவில் நின்று, புருஷனுக்கும் மகனுக்கும் எதிரிலேயே அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். சாவகாசமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பின்னறைக்குப் போய், உள்ளே நுழைந்து, தாழ்ப்பாள் போட்டாள்.

கண்ணுசாமி எழுந்து வந்து கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே சத்தமே இல்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

"அம்சம்... கைப்பிடி கெட்டியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப... அந்தக் கொடியை நான் எடுத்து வெச்சிடவா?"

"நட்டவ வந்து எடுப்பா" என்றது உள்ளேயிருந்து வந்த குரல். அதில் அவசரமே இல்லை. "நீ போய் டிவி பாருய்யா."